விபத்து என்று எழுதுவதற்கு முன்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'செய்தித் தமிழ்'. கடல்போன்ற தலைப்பு. அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அகராதியைப் புரட்டித் தேட வேண்டிய சொல் இல்லை. இன்று காலை உங்கள் வீட்டுக்கு வந்த நாளிதழில் முதல் பக்கத்திலும் இருந்திருக்கும், மாவட்டப் பக்கத்திலும் இருந்திருக்கும். 'விபத்து'. இந்தச் சொல் நம் செய்திகளில் என்ன வேலை செய்கிறது? அதுதான் இன்றைக்குப் பேச்சு.

எதற்கும் ஒட்டிக்கொள்கிற சொல் இது. சாலையைப் போட்டால் சாலை விபத்து. தீயைப் போட்டால் தீ விபத்து. ரயில் விபத்து, படகு விபத்து, வெடி விபத்து, கட்டட விபத்து. முன்னால் எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். பின்னால் என்ன வரும்? 'பலி' வரும். விபத்தும் பலியும் நம் செய்தித் தமிழில் இரட்டைப் பிள்ளைகள். செய்தி மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் குறைவு. 'உயிரிழந்தார்' என்றால் ஏழு எழுத்து. 'பலி' என்றால் இரண்டே எழுத்து. மனிதர் போய்விட்டார், இடம் மிச்சமாயிற்று!

இந்தச் செய்தி எப்படிப் பிறக்கிறது? நள்ளிரவு நெருங்குகிறது. பதிப்பை முடிக்க வேண்டிய நேரம். தாலுகா நிருபருக்குக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வருகிறது. சொல்பவர் பெரும்பாலும் நிலைய எழுத்தர். 'ரைட்டர்' என்போமே, அவர்தான். அவர் கையில் இருப்பது முதல் தகவல் அறிக்கை. அதில் உள்ளதை அவர் சொல்கிறார், நிருபர் எழுதுகிறார், உதவி ஆசிரியர் சுருக்குகிறார், காலையில் நீங்கள் படிக்கிறீர்கள். காவல் நிலையத்து நடை அப்படியே உங்கள் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த நடையின் வாய்பாடு உங்களுக்கு மனப்பாடம். 'எதிர்பாராத விதமாக', 'கட்டுப்பாட்டை இழந்து', 'தறிகெட்டு ஓடி', 'சம்பவ இடத்திலேயே', கடைசியில் 'இதுகுறித்துப் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரணை நடத்தி வருகின்றனர்'. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மட்டும் மாற்றினால் போதும், நாளைய செய்தி இன்றே தயார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 'கட்டுப்பாட்டை இழந்த கார் மரத்தில் மோதியது.' கட்டுப்பாட்டை இழந்தது யார்? கார்! அப்படியானால் அதுவரை கட்டுப்பாட்டோடு இருந்ததும் காரே. நல்ல பழக்கவழக்கமுள்ள கார்போலும், அன்றைக்கு ஒருநாள் தவறிவிட்டது. ஓட்டியவர் எங்கே போனார்? மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்? அந்த வளைவில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா? சாலை விளக்கு எரிந்ததா? எதுவும் செய்தியில் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளின்மேல் இந்த ஒரு சொல் போர்வையைப் போட்டுவிட்டது.

நண்பர்களே, 'எதிர்பாராத விதமாக' என்கிறோம். யார் எதிர்பாராத விதமாக? 2022ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அந்த ஓராண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே அதிக எண்ணிக்கை நமக்குத்தான். இறந்தவர்கள் 17,884 பேர். ஆண்டுக்கு 365 நாள் என்று வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 49 பேர் வருகிறது. நேற்று 49, இன்று 49, நாளை 49. நாளைக்குச் சாகப்போகிறவர்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய இன்றே சொல்லிவிட முடிகிறது. முன்கூட்டியே எண்ணிச் சொல்லத்தக்க ஒன்றை 'எதிர்பாராதது' என்று எப்படி எழுதுகிறோம்?

இதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்ததற்கு அதிவேகம் காரணம் என்று கணக்குக் காட்டுகிறது. வேகம் தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் மிதிக்கிறார். யாரோ ஒருவர், 'ரெண்டு நிமிஷம் லேட்டு, அமுக்கு' என்கிறார். தனியார் பேருந்துகள் டைமிங்குக்காக ஒன்றையொன்று முந்துவதை இந்த அரங்கில் பார்க்காதவர் உண்டா?

சாலையை விட்டு இறங்கித் தீக்கு வருகிறேன்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஏன் ஓடித் தப்பவில்லை? அவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். தீப்பற்றியது வேண்டுமானால் தற்செயலாக இருக்கலாம். சங்கிலியும் தற்செயலா? அந்தச் சங்கிலியை யாரோ கடையில் விலை கொடுத்து வாங்கினார்கள். யாரோ காலில் பூட்டினார்கள். பூட்டுக்குச் சாவி இருந்தது, சாவி யாரோ ஒருவரின் இடுப்பில் இருந்தது. இத்தனை பேர் செய்த இத்தனை காரியத்தையும் சேர்த்து இன்றைக்கும் 'ஏர்வாடி தீ விபத்து' என்றே எழுதுகிறோம்.

மூன்று ஆண்டு கழித்து, 2004 ஜூலை 16, கும்பகோணம். இங்கே கூடியிருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையற்கூடத்திலிருந்து தீ கூரைக்குப் பரவியது. கூரை, கீற்று. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், நெருக்கியடித்த வகுப்பறைகள், குறுகலான படிக்கட்டு. கீற்றுக் கூரை தீப்பிடிக்கும் என்பது கீற்று முடைகிற பாட்டிக்குத் தெரியும். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்குத் தெரியாதா? 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒரு நீதிமன்றம் குற்றம் என்று பார்த்த ஒன்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் அஞ்சலிச் செய்தி போடுகிறோம். தலைப்பு என்ன? 'கும்பகோணம் பள்ளித் தீ விபத்து: நினைவஞ்சலி.' தீர்ப்பு வந்த பிறகும் தலைப்பு மாறவில்லையே, ஏன்?

சிவகாசி வட்டாரத்துக்குப் போனால் இந்தச் சொல்லுக்கு ஒரு துணைச் சொல்லும் உண்டு: 'உராய்வு'. 'மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து.' பட்டாசு ஆலைச் செய்தியில் உராய்வு இல்லாமல் இராது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை. நாற்பது உயிர் அளவில் போயிற்று. அந்த ஆலையின் உரிமம் விதிமீறலுக்காக ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்ற செய்தியும் அப்போதே வந்தது. ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை கிலோ மருந்துதான் வைக்கலாம், வேலை வெட்ட வெளியிலோ மரத்தடியிலோ நடக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை எழுதியவர்கள் உராய்வை எதிர்பார்த்துத்தானே எழுதினார்கள்? உராய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் ஒருவரோ இருவரோ போவார்கள், முப்பது பேர் போகக் கூடாது என்பதுதானே அந்த விதியின் உயிர்? அப்படியானால் செய்தி கேட்க வேண்டியது உராய்வைப் பற்றியா, அறையில் இருந்த தலைகளின் எண்ணிக்கையைப் பற்றியா?

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அன்றைக்கு மழை. இடி விழுந்து சரிந்தது என்று கட்டியவர்கள் தரப்பில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. பாவம், இடி! பக்கத்திலேயே அதே கைகள் கட்டிய இரட்டைக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. அதையும் நம்ப முடியாமல் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்மீது எந்த இடியும் விழவில்லை.

கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கு இந்தச் சொல்கூட வாய்ப்பதில்லை. 'விஷவாயு தாக்கி மூவர் பலி.' தாக்கியது வாயு! இறக்கிவிட்டவர் வாக்கியத்திலேயே இல்லை. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை இறக்குவதே குற்றம் என்று 2013இல் சட்டம் வந்தாயிற்று. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதையே 30 லட்சம் ஆக்கியது. சட்டம் ஆளைத் தேடுகிறது, செய்தி வாயுவைத் தேடுகிறது.

'ஐயா, ஒரு சொல்லுக்காக இவ்வளவு ஆவேசமா? சொல் என்ன செய்துவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல் என்ன செய்யும் என்பதற்குப் போபாலைக் காட்டுகிறேன்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நிறுவனத்தின் இந்திய அதிகாரிகள்மீது முதலில் வைத்த குற்றச்சாட்டு, இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. மரணம் நேரும் என்று அறிந்தே செய்த செயல் என்பது அதன் பொருள். அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ என்று மாற்றியது. அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்பது இதன் பொருள். அதிகபட்சம் 2 ஆண்டு. 304க்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து சேர்ந்தது. 2010 ஜூன் 7 அன்று போபால் நீதிமன்றம் உயிரோடிருந்த ஏழு பேருக்கும் அந்த 2 ஆண்டைக் கொடுத்தது. அன்றே பிணையும் கொடுத்தது. 25 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தார்கள்.

நடந்ததற்கு என்ன பெயர் வைக்கிறோமோ அதற்கேற்பத்தான் பின்னால் வருவதெல்லாம் வரும். முதலில் பெயர், பிறகு பிரிவு, பிறகு தண்டனை. நம் ஊர்ச் சாலைச் சாவுகள் எல்லாம் நெடுங்காலம் இதே 304-ஏயில்தான் பதிவாகின. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, அதன் 106ஆம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டாகியிருக்கிறது. ஏட்டில் எண் கூடியிருக்கிறது. செய்தியின் நடை அப்படியேதான் இருக்கிறது.

சரி, வேறு விதமாக நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

1956 நவம்பர் 23, விடியும் முன். அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் பழுதுபட்டிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் இறங்கியது. நூற்றைம்பது பேர் அளவுக்கு மாண்டார்கள். வெள்ளம் வந்தது இயற்கை, யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லியிருக்கலாம். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அப்படிச் சொல்லவில்லை, பதவி விலகினார். அதற்குச் சில மாதங்கள் முன் மகபூப்நகர் அருகே ரயில் கவிழ்ந்தபோதும் அவர் விலக முன்வந்தவர்தான். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் பெயரில் எதுகை வைத்து அன்றைய தி.மு.க. மேடைகள் முழங்கியதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அமைச்சர் பாலத்தைக் கட்டவில்லை, ரயிலை ஓட்டவில்லை. ஆனாலும் 'யார் பொறுப்பு' என்ற கேள்வி அன்றைக்கு உயிரோடு இருந்தது.

ரயில்வேயில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ரயில் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். விசாரிக்கப்படுகிறவரே விசாரிக்கிறவருக்கு அதிகாரியாக இருக்கக் கூடாது என்பதற்காக. அதனால்தான் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது, சிக்னல் பணியில் எங்கே தவறு நடந்தது என்று ஓர் அறிக்கை வந்தது. ரயிலுக்கு ஆணையர் வருகிறார். விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடுகிறார்கள். சாலையில் செத்தவனுக்கு யார் வருகிறார்கள்? ஓர் உதவி ஆய்வாளர் வருகிறார். அவரும் போக்குவரத்தைச் சரிசெய்ய ஓட வேண்டியிருக்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் திருவாரூர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சோழ இளவரசன் தேரில் போகிறான். பசுங்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்து மாள்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாசல் மணியை அடித்து நீதி கேட்கிறது. இன்றைய நிருபர் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'எதிர்பாராத விதமாகத் தேர்க்காலில் சிக்கிக் கன்று பலி.' இளவரசன் பெயர்கூட வந்திருக்காது, 'பிரமுகர் ஒருவரின் தேர்' என்று வந்திருக்கும்! சேக்கிழார் சொல்லும் கதையில் அமைச்சர்களும் அப்படித்தான் சமாதானம் சொல்கிறார்கள்: வேண்டுமென்று செய்ததில்லை, கழுவாய் செய்துவிட்டால் போதும் என்று. மன்னன் ஒப்பவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டது சரியா என்பது வேறு வழக்கு, அதில் எனக்கே உடன்பாடு இல்லை. ஆனால் மணி அடித்த பசுவின் பேச்சை அரண்மனையில் 'இது தற்செயல்' என்று சொல்லி யாரும் முடித்துவிட முடியவில்லை. நமக்கு வேண்டியது அந்த மணி மட்டும்தான்.

இப்போது எதிர்த்தரப்பையும் பேச வேண்டும். செய்தியாளர் நீதிபதி ஆகலாமா? கூடாது. ஓட்டுநர்மேல் முதல் நாளே கொலைப்பழி போடலாமா? கூடவே கூடாது. மோதிய இடத்தில் கூட்டம் கூடி ஓட்டுநரை அடித்து உதைப்பதை நாம் பார்க்கிறோம். 'விபத்து' என்ற சொல் அந்த ஏழை ஓட்டுநருக்கு ஒரு கேடயமாக இருக்கிறதே என்று ஒரு பத்திரிகை நண்பர் என்னிடம் வாதாடினார். உண்மையில் அது காப்பது ஓட்டுநரையா? 'டிரைவர் தூக்கக் கலக்கத்தில்' என்று எழுதுகிறோம். ஓட்டுநர் வந்துவிட்டார் பாருங்கள், மாட்டிக்கொண்டார். அவரைத் தூங்கவிடாமல் இரவும் பகலும் ஓட்டச் சொன்ன முதலாளி வரவில்லை. சரக்கைக் கூடுதலாக ஏற்றியவர் வரவில்லை. சாலையோரம் லாரி நிறுத்த இடம் ஒதுக்காத ஒப்பந்ததாரர் வரவில்லை. ஏழைக்குத் தூக்கக் கலக்கம், வசதியானவருக்கு விபத்து. கேடயம் யார் கையில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே நான் கேட்பது தீர்ப்பு எழுதச் சொல்லி இல்லை. தீர்ப்பு எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். காரணம் தெரியாதபோது 'விபத்து' என்று எழுதுவதும் தீர்ப்புதான், விடுதலைத் தீர்ப்பு! பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே. 2001லேயே இந்தச் சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்க முடிவு செய்தது. அலட்சியம் என்ற புகார் உள்ள இடத்தில் இச்சொல்லைத் தவிருங்கள் என்று 2016இல் அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் சேர்த்தது. தமிழில் என்ன எழுதுவது? நடந்ததை எழுதுங்கள். தீ என்றால் தீ. வெடித்தால் வெடிப்பு. சரிந்தால் சரிவு. லாரி மோதியது, லாரியை இன்னார் ஓட்டினார். இதற்குப் புதுச்சொல் எதையும் உருவாக்க வேண்டாம், வால் ஒன்றை வெட்டினால் போதும். தலைப்பில் இடமும் மிச்சமாகும்!

செய்தித் தமிழ் மாறாது என்று சொல்லாதீர்கள். 'கற்பழிப்பு' என்று பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதின. பெண்கள் இயக்கங்கள் சண்டை போட்டன. இன்று 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறோம், பழி பெண்மேலிருந்து செய்தவன்மேல் நகர்ந்தது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு இளம்பெண்மீது பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் உயிர் போயிற்று. அன்றைக்குப் பத்திரிகைகள் அதைச் 'சாலை விபத்து' என்ற பெட்டியில் போட்டு மூடவில்லை. பேனர் என்று எழுதின. யார் வைத்த பேனர், எதற்காக வைத்த பேனர், அனுமதி இருந்ததா என்று எழுதின. உயர் நீதிமன்றம் அதிகாரிகளை நிற்கவைத்துக் கேட்டது. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு 'இனி பேனர் வைக்காதீர்கள்' என்று தொண்டர்களுக்கு அறிவித்தன. அந்த அறிவிப்பு எத்தனை மாதம் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் காரணத்தை எழுதினால் காரணமானவர்கள் பதில் சொல்கிறார்கள், அது அன்றைக்குத் தெரிந்தது.

இதழியல் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து விடைபெறுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே உங்களுக்கு இந்தச் செய்தி வரும். எழுதுங்கள். 'விசாரணை நடத்தி வருகின்றனர்' என்று முடிக்கும்போது அந்த வழக்கின் குற்ற எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே காவல் நிலையத்துக்குப் போய், அந்த விசாரணை என்ன ஆயிற்று, குற்றப்பத்திரிகை தாக்கல் ஆயிற்றா என்று கேளுங்கள். அதே வளைவுக்குப் போய், எச்சரிக்கைப் பலகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி. உங்கள் ஆசிரியர் இடம் தர மறுத்தால், வாசகர்களாகிய பெரியவர்களே, அந்த இடத்தைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியது நீங்கள்.